எண்ணைச் சொல்லும் குரல்

எண்பதாயிரத்து எண்ணூற்று முப்பது.

2024 நவம்பர் 14ஆம் திகதி நடந்த பாராளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் தேசிய மக்கள் சக்திக்கு விழுந்த வாக்குகள் இவை. தாளில் 80,830 என்று கிடந்தால் கண் ஒரு நொடியில் தாண்டிப் போய்விடும். வாய்விட்டுச் சொன்னால் அப்படிப் போக முடியாது. ஆயிரத்தில் மூச்சு ஒருமுறை தங்குகிறது, நூற்றில் ஏறுகிறது, முப்பதில் வந்து அமர்கிறது. அடுத்தது இலங்கைத் தமிழ் அரசுக் கட்சி: அறுபத்து மூவாயிரத்து முந்நூற்று இருபத்தேழு. தெற்கிலிருந்து வந்த கட்சி யாழ்ப்பாணத்தில் முதலிடம் பிடித்த பெரிய செய்தி அந்த இரண்டு எண்களுக்குள் இருந்தது. செய்தியை விளக்க எவரும் அப்போது ஒரு சொல்லும் சொல்லவில்லை. புத்தளம் மாவட்டத்து ஆலங்குடாவில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்தவர்கள் இரண்டாவது எண் முடியும்வரை வாய் திறக்கவில்லை. முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள்.

தேர்தல் இரவுகளை முப்பது வருடமாக இந்த ஊரிலிருந்து கேட்டும் பார்த்தும் வருகிறேன். திரையில் வரும் எத்தனையோ வித்தைகளில் என் மனம் ஒன்றிடம்தான் திரும்பத் திரும்பப் போகிறது. முடிவை வாசிக்கும் கலை. இலங்கையின் தேர்தல் இரவுக்கு உயிர் அங்கேதான் இருக்கிறது என்று நம்புகிறேன். அதற்கு ஒரு காரணமும் உண்டு.

1977 வரை நம் நாட்டில் முடிவு என்றால் ஓர் ஆளின் பெயர். ஒரு தொகுதி, அதில் வென்றவர், அவர் பெற்ற பெரும்பான்மை. அந்த ஜூலையில் ஐக்கிய தேசியக் கட்சி 168 ஆசனங்களில் 140ஐ வென்ற இரவை வானொலியில் கேட்ட பெரியவர்கள் இன்றும் ஆட்களின் பெயர்களைத்தான் சொல்வார்கள்: இன்னார் வென்றார், இன்னார் தோற்றார். 1989 பெப்ரவரி 15ஆம் திகதி விகிதாசார முறையில் முதல் பொதுத்தேர்தல் நடந்தது. அன்றிலிருந்து முடிவின் உருவமே மாறிவிட்டது. தொகுதி இருக்கிறது, தொகுதிக்கு வென்றவர் இல்லை. 160 தொகுதிகளின் வாக்குகள் 22 மாவட்டங்களில் போய்ச் சேர்கின்றன. ஆசனம் கட்சிக்கு, ஆள் யார் என்பது விருப்பு வாக்குகளை எண்ணி முடித்த பிறகு, பெரும்பாலும் மறுநாள்தான் தெரியவரும். ஆகவே இரவு முழுவதும் திரையில் ஆளே இல்லை. எண்தான் கதாபாத்திரம்.

இங்கிலாந்தில் இதற்கு நேர் எதிர். அங்கே வேட்பாளர்கள் எல்லோரும் மேடையில் வரிசையாக நிற்க, அவர்கள் முன்னிலையிலேயே தெரிவத்தாட்சி அலுவலர் முடிவை அறிவிக்கிறார். 1997 மே மாதம் பாதுகாப்பு அமைச்சராக இருந்த மைக்கல் போர்ட்டிலோ தோற்ற அந்த விடியற்காலையை இன்றும் ஆங்கிலேயர் பேசுவது அவர் பெற்ற வாக்கை நினைத்தல்ல, அவர் முகத்தை நினைத்துத்தான். பிபிசியின் கமரா முகத்தைத் தேடிப் பழகியது. அக்கரையில், தமிழ்நாட்டில், இன்னொரு வகை. டிஷ்ஷில் எங்களுக்கும் அது வருகிறது. வாக்கெண்ணிக்கை சுற்றுச் சுற்றாகப் போக, காலை எட்டு மணியிலிருந்தே 'முன்னிலை', 'பின்னடைவு' என்று ஒவ்வொரு பெயரும் ஏறி இறங்கும். பத்து மணிக்கு முன்னிலையில் இருந்தவர் மத்தியானம் காணாமற்போவார். பார்க்க விறுவிறுப்பானதுதான், நானும் விட்டு எழுந்ததில்லை.

எங்கள் தேர்தல் இரவில் முன்னிலையும் இல்லை, மேடையும் இல்லை. ஒரு தொகுதி முழுவதும் எண்ணி முடித்து, தேர்தல்கள் ஆணைக்குழு உறுதிசெய்து வெளியிடும்வரை அந்தத் தொகுதி ஊமையாகவே இருக்கும். வெளியிட்டதும் முழுமையாக வரும். தொலைக்காட்சிக்கு இது ஒரு கடும் விரதம். அந்த விரதத்திலிருந்துதான் எங்கள் அறிவிப்பாளர்களின் கலை பிறந்தது என்பேன்.

அந்த வாசிப்புக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் மாவட்டம். பிறகு தொகுதி, அல்லது தபால் மூல வாக்குகள். பிறகு கட்சிகள், கூடிய வாக்கிலிருந்து குறைந்ததை நோக்கி. கடைசியில் செல்லுபடியான வாக்குகள், நிராகரிக்கப்பட்டவை, அளிக்கப்பட்ட மொத்தம், பதிவுசெய்யப்பட்ட வாக்காளர் தொகை. கேட்பதற்கு வெறும் பட்டியல். ஆனால் முதல் கட்சியின் பெயர் விழுந்த கணத்திலேயே செய்தி முடிந்துவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். அந்தக் கணத்தில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சத்தம் எழும். கைதட்டலோ, "அல்லாஹ்" என்ற பெருமூச்சோ. கெட்டிக்கார வாசிப்பாளர் அந்தச் சத்தத்தை ஸ்டூடியோவிலிருந்தே கேட்டவர்போல அரை மூச்சு தாமதிப்பார். பிறகுதான் எண். அந்த அரை மூச்சு தெரியாதவர் வாசிக்கும்போது முதல் எண்ணை எவரும் கேட்பதில்லை, "எவ்வளவாம், எவ்வளவாம்" என்று பக்கத்தில் விசாரிப்பதிலேயே இரண்டாவது எண்ணும் போய்விடும்.

தமிழ் எண்களும் இலேசானவை அல்ல. எழுபதும் எண்பதும் காற்றில் ஒன்றாகவே கேட்கும். கடல் இரைகிற ஊரில், பழைய டிரான்சிஸ்டரில் 'எழுபத்தேழு' எது, 'எண்பத்தேழு' எது என்று பிரிய வேண்டுமானால் வாசிப்பவர் ழகரத்தில் நாக்கை முழுதாக வளைக்க வேண்டும், ணகரத்தை மூக்கில் ஒரு கணம் நிறுத்த வேண்டும். ஒன்பது இன்னும் பொல்லாதது. 9,999 என்பது நான்கு ஒன்பது. தமிழில் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. ஒரே இலக்கம் இடத்துக்கு இடம் வேறு உடுப்புப் போட்டுக்கொண்டு வருகிறது. தொள்ளாயிரத்துக்கும் தொண்ணூறுக்கும் இடையில் தடுமாறி மறுபடி வாசித்தவர்களைக் கேட்டிருக்கிறேன். தடுமாறாமல், அவசரப்படாமல், பதினேழாவது தொகுதியையும் முதல் தொகுதியின் உற்சாகத்தோடு வாசிப்பவரைக் கேட்கும்போது, நல்ல ஓதலைக் கேட்கும் நிறைவு எனக்கு வரும். 2024இல் பதிவுசெய்யப்பட்டிருந்த வாக்காளர் ஒரு கோடியே எழுபத்தொரு இலட்சத்து நாற்பதாயிரத்து முந்நூற்று ஐம்பத்து நான்கு பேர். இதை ஒரே மூச்சில், எந்தப் படியிலும் இடறாமல் சொல்லிப் பாருங்கள். நாடு எவ்வளவு பெரிது என்பது தொண்டைக்குத் தெரியும்.

குரலோடு அட்டையும் நடக்க வேண்டும். அட்டை என்று நான் சொல்வது திரையில் வரும் முடிவுப் பலகையை: சின்னம், கட்சி, வாக்கு, விழுக்காடு. நேத்ரா, வசந்தம், சக்தி என்று எந்த அலைவரிசையைத் திருப்பினாலும் அடிப்படை இதுதான். குரல் கடைசி வரியைச் சொல்லி முடிக்கும்வரை அசையாமல் நிற்கும் அட்டைதான் நல்ல அட்டை. வாக்கு எண் முழுதாகப் பதியுமுன் சுழன்று பறந்து, அதன் இடத்தில் வேறொன்று வந்து, அடியில் ஒரு பட்டை ஓடி, பக்கத்தில் விளம்பரம் மின்னினால், எண்ணை எழுதிக்கொள்ளும் மனிதருக்கு அது செய்யும் அநியாயம் சின்னதல்ல. எழுதிக்கொள்ளும் மனிதர்கள் இருக்கிறார்கள். எங்கள் வீட்டில் ஒருவர் இருந்தார்.

வாப்பாவிடம் ஒரு பெரிய சீ.ஆர். கொப்பி இருந்தது. முதல் பக்கத்தில் 1994 ஆகஸ்ட் 16 என்று எழுதியிருக்கும். அப்போது மன்னார்த் தீவை விட்டு நாங்கள் வந்து நாலு வருடம்கூட நிறையவில்லை. கிடுகு வீடு, மணல் தரை, ஒரு டிரான்சிஸ்டர். பாட்டை நடுவில் நிறுத்தி முடிவு சொல்வார்கள், பாட்டு எங்கே நின்றதோ அங்கேயே எனக்கு நினைவும் நின்றிருக்கிறது. வாப்பா குப்பி விளக்கின் பக்கத்தில் குனிந்து எழுதுவார். புத்தளம் மாவட்டத்துக்கு ஐந்து தொகுதி: புத்தளம், ஆனமடுவ, சிலாபம், நாத்தாண்டியா, வென்னப்புவ. ஐந்தும் தபாலும் வந்துவிட்டால் அவர் திரைக்கோ வானொலிக்கோ காத்திருக்க மாட்டார். மாவட்டத்துக்கு எட்டு ஆசனம். கூடிய வாக்குப் பெற்ற கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம். இருபதில் ஒரு பங்கு வாக்கும் கிடைக்காத கட்சிகளைக் கழித்து, மிச்சத்தை ஏழால் பிரித்து, வரும் எண்ணால் ஒவ்வொரு கட்சியையும் வகுத்து, மிச்ச ஆசனத்தை மிச்ச வாக்குக் கூடியவருக்குக் கொடுத்து, பென்சிலால் அடிக்கோடு போடுவார். அறிவிப்பு வந்து அவர் கணக்கோடு ஒத்துப்போனால் எங்கள் உம்மாவுக்கே பெருமை. நுரைச்சோலையில் அனல்மின் நிலையம் எழுந்து, அதன் புகைபோக்கி விளக்கு இரவில் எங்கள் முற்றத்திலிருந்து தெரியத் தொடங்கிய பிறகும், வீட்டில் பெரிய திரை வந்த பிறகும் அந்தக் கொப்பி போகவில்லை.

காத்திருப்பைத் தாங்குவதும் ஒரு கலை. அமெரிக்காவில் 1952இல் யூனிவாக் கணினி ஐசன்ஹோவரின் பெருவெற்றியை மாலையிலேயே கணித்துவிட, சிபிஎஸ் நிறுவனத்தார் நம்ப முடியாமல் தயங்கினார்கள். கணினி சொன்னது சரியாகிப்போனது. அதிலிருந்து தைரியம் கூடிக்கூடி, 2000ஆம் ஆண்டு புளோரிடாவை முதலில் கோருக்கும் பிறகு புஷ்ஷுக்கும் கொடுத்து, இரண்டையும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள் அங்குள்ள தொலைக்காட்சிகள். எங்கள் ஆட்கள் கணித்துக் கொடுப்பதில்லை. "அடுத்த முடிவு இன்னும் கிடைக்கவில்லை" என்பதை வெட்கமின்றிச் சொல்லத் தெரிந்த தொகுப்பாளரை நான் மனதார மதிக்கிறேன். இரவு ஒரு மணிக்கு, அரங்கில் இருக்கும் ஆய்வாளர்களும் சொல்வதற்கு ஒன்றுமில்லாமல் களைத்துப்போன நேரத்தில், அவர் நாடகம் ஆடாமல், போலிப் பரபரப்புக் காட்டாமல் அந்த வெறுமையைத் தாங்கிக்கொள்கிறார்.

2020இல் இரவே இல்லாமற்போனது. கொரோனாவால் ஏப்ரலிலிருந்து ஜூனுக்கும் அங்கிருந்து ஆகஸ்ட் 5க்கும் தள்ளிப்போன தேர்தல் அது. எண்ணுவதையும் மறுநாள் காலைதான் தொடங்கினார்கள். பகல் வெளிச்சத்தில் முடிவு கேட்பது சந்தையில் நின்று கேட்பதுபோல் இருந்தது எனக்கு. ஆனால் எங்கள் மாவட்டத்தைப் பொறுத்தவரை மறக்க முடியாத பகல். சிதறி நின்று சிதறித் தோற்ற முஸ்லிம் வாக்குகள் அந்த முறை தராசுச் சின்னத்தில் கூடி நின்றன. ஒரு ஆசனத்துக்குப் போதுமா போதாதா என்ற ஒரே கேள்வி. ஒவ்வொரு தொகுதி அட்டையிலும் எல்லோர் கண்ணும் தராசின் வரியையே தேடின. ஆசனம் கிடைத்தது. அந்தச் செய்தியை வாசித்த குரல், நாட்டின் வேறெந்த ஆசனத்தையும்விட எங்கள் ஆசனத்துக்குக் கூடுதலாக ஒன்றும் செய்யவில்லை. அதே வேகம், அதே இறக்கம். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

2024இன் வரைபடத்தையும் சொல்ல வேண்டும். 22 மாவட்டங்களில் 21 தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிக்குப் போக, மட்டக்களப்பு மட்டும் தமிழ் அரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்தோடு தனியே நின்றது. திரையில் ஒரு தீவு முழுக்க ஒரே நிறம், கிழக்கு ஓரத்தில் ஒரு துண்டு வேறு நிறம். எந்த வித்தையும் வேண்டியிருக்கவில்லை. படத்தை அப்படியே கொஞ்ச நேரம் விட்டுவைத்தால் போதும்.

ஆனால் என் நெஞ்சில் இருக்கும் வாசிப்பு வேறொன்று. 2010 ஏப்ரல் 8ஆம் திகதித் தேர்தல். எங்களுடைய பெயர்கள் அப்போதும் மன்னார் வாக்காளர் இடாப்பில்தான் இருந்தன. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து புலிகளால் வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் பலவற்றின் பெயர்களைப் போல. புத்தளத்தில் இருந்துகொண்டு, மன்னார் அடங்கிய வன்னி மாவட்டத்துக்கு வாக்களித்தோம், கொத்தணி வாக்களிப்பு நிலையத்தில். ஆகவே எங்கள் வீட்டில் இரண்டு மாவட்டங்களுக்குக் காத்திருந்தோம். வன்னி வரத் தொடங்கியது. மன்னார். முல்லைத்தீவு. வவுனியா. தபால் மூல வாக்குகள். வாப்பா நான்கையும் எழுதிவிட்டுப் பென்சிலைக் கீழே வைக்காமல் இருந்தார். ஐந்தாவது அட்டை வந்தது. அதில் ஊர்ப் பெயர் இல்லை. தொகுதியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'இடம்பெயர்ந்தோர் வாக்குகள்' என்று இருந்தது.

அறிவிப்பாளர் குரலைத் தாழ்த்தவில்லை. இரக்கம் காட்டவில்லை, அவசரப்படவும் இல்லை. மன்னாருக்கும் வவுனியாவுக்கும் கொடுத்த அதே நேரத்தை அந்த வரிக்கும் கொடுத்தார். கட்சிகளை வரிசையாகச் சொன்னார். ஒவ்வொரு ஆயிரத்திலும் நின்று, நூற்றில் ஏறி, ஒன்றில் இறங்கினார். செல்லுபடியானவை. நிராகரிக்கப்பட்டவை. மொத்தம். எல்லாவற்றையும் முழுதாகச் சொல்லி முடித்துத்தான் அடுத்த தாளை எடுத்தார்.

"எங்கட வாக்கு வந்திட்டு மகன்," என்றார் வாப்பா.

கொப்பியில் ஐந்தாவது வரியை எழுதி அடிக்கோடு போட்டார். பிறகு பக்கத்தைத் திருப்பி, மேலே புத்தளம் என்று எழுதிவிட்டுப் பென்சிலைச் சீவத் தொடங்கினார்.