திரி எரிந்தது, வெடித்ததா?

2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் இணையத்தில் பட்டாசு விற்பதைத் தடை செய்தது. அதன் பிறகு சிவகாசிக் கடைகளின் பல தளங்களில் விலைப்பட்டியல் அப்படியே இருக்கிறது, கடைசிப் பொத்தான் மட்டும் ‘என்கொயரி’ ஆகிவிட்டது. வாடிக்கையாளர் நிரப்பிய பட்டியல் போய்ச் சேர்ந்தால்தான் கடைக்காரர் போனில் அழைப்பார். அதாவது வியாபாரமே ஒரு படிவத்தை நம்பி இருக்கிறது. அந்தப் படிவம் வேறொரு சர்வரிலிருந்து ஐஃப்ரேமில், அதாவது பக்கத்துக்குள் இன்னொரு பக்கமாக, வருவதாக வைத்துக்கொள்வோம். புரோகிராமர் வழக்கமாகச் செய்வது இதுதான்: ஏற்றம் முடிந்ததைச் சொல்லும் லோடு ஈவென்ட் வந்ததும் சுழலும் வட்டத்தை மறைத்துவிட்டுப் படிவத்தைக் காட்டுவது. இரண்டு வரியில் முடிகிற வேலை, எல்லா பிரவுசரிலும் ஓடும். பரவியதில் வியப்பில்லை.

ஆனால் சர்வர் 404 சொன்னாலும் லோடு ஈவென்ட் வரும். டொமைன் முகவரியே கிடைக்காவிட்டாலும், ஐஃப்ரேமில் காட்டவிடாத எக்ஸ்-ஃப்ரேம்-ஆப்ஷன்ஸ் தடுத்தாலும் வரும். பிரவுசர் காட்டும் பிழைப்பக்கமும் அதற்கு ஒரு பக்கம்தான். படம் வராவிட்டால் எரர் ஈவென்ட் உண்டு, ஐஃப்ரேமுக்கு அது கிடைப்பதில்லை. திரி எரிந்து முடிந்தது என்பதுதான் நமக்குக் கிடைக்கும் தகவல். வெடித்ததா, நமுத்ததா என்பது தெரியாது. வாடிக்கையாளர் பார்ப்பதோ, ‘இணைக்க மறுத்தது’ என்று சொல்லும் சாம்பல் நிறப் பெட்டி.

பிரவுசரே உண்மையைச் சொல்லிவிடலாமே என்று கேட்பது நியாயம்தான். சொன்னால், எந்தத் தளமும் உங்கள் வீட்டு ரவுட்டர், அலுவலக உள்வலை முகவரிகளை ஒவ்வொன்றாக ஐஃப்ரேமில் போட்டு, எது இருக்கிறது, எது இல்லை என்று துழாவிவிடும். லோடு ஈவென்ட்டை வைத்தே இப்படித் துழாவ முடியும் என்று எச்.டி.எம்.எல். தரநிலையே எச்சரிக்கிறது. ஆகவே இந்த மௌனம் தெரிந்தே வைத்தது. அதை வெற்றிச் செய்தியாகப் படிப்பதுதான் தவறு.

பக்கத்தைச் செயலிக்குள் காட்டும் ஆண்ட்ராய்டு வெப்வியூவில் கதை தலைகீழாகவும் போகும். பக்கம் தோற்றாலும் ‘முடிந்தது’ என்று சொல்லும் ஆன்பேஜ்ஃபினிஷ்டு வரும் என்பது பழைய தொல்லை. பிழையைச் சொல்ல ஆண்ட்ராய்டு 6-இல் வந்த புதிய ஆன்ரிசீவ்டுஎரர், உள்ளே ஒரு சின்னப் படமோ கூகுள் மேப்போ வராவிட்டாலும் கூப்பிடப்படும். பிழை முதன்மைப் பக்கத்தினுடையதா என்று சொல்லும் இஸ்ஃபார்மெயின்ஃபிரேமைப் பார்க்காமல் விட்டால், விலைப்பட்டியல் நன்றாக வந்திருந்தும் ‘இணையம் இல்லை’ என்று செயலி முழுத்திரையை மூடிவிடும். முதல் தவறைவிட இது மோசம், இருந்ததையும் பறிக்கிறது.

ஐஃப்ரேமுக்கு உள்ளே இருக்கும் பக்கமே போஸ்ட்மெசேஜ் மூலம் ‘தயார்’ என்று சொல்வதுதான் நம்பத்தக்க வழி. அடுத்தவர் பக்கத்தில் நாம் அதை எழுத முடியாது என்ற மறுப்பு சரியே. அங்கே கடையின் போன் எண்ணை ஐஃப்ரேமுக்கு வெளியே எப்போதும் தெரியும்படி வைப்பதைவிடச் சிறந்த தீர்வு எனக்குத் தோன்றவில்லை. நம் படிவமாக இருந்தால் நேரக் கெடு வைக்கலாம். தீபாவளி நெருக்கடியில், ஆலங்குளத்தில் ஒற்றைக்கோட்டு சிக்னலில் திறப்பவருக்கு அந்தக் கெடு பொய்த் தோல்வி காட்டும் என்பது உண்மை. அதனால் கெடு தாண்டியதும் ஐஃப்ரேமை அழிக்காமல், ‘தாமதமாகிறது, போனிலும் சொல்லலாம்’ என்று மட்டும் காட்டலாம். ‘தயார்’ பிந்தி வந்தால், அது நம் முகவரியிலிருந்துதான் வந்ததா என்று பார்த்துவிட்டு அறிவிப்பை நீக்கலாம்.