புனைவும் பொய்யும்: ‘கேலக்சி குவெஸ்ட்’ திரைப்படத்தில் நகை

மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதற்கண் வைத்து ஓதினார் தொல்காப்பியர். அது பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு எனவும் வகுத்தார். அந்நான்கனுள் எள்ளலும் மடனும் ஈண்டு நம் ஆராய்ச்சிக்கு வேண்டுவன. எள்ளல் இருவகைப்படும் என்பது பேராசிரியர் கருத்து. பிறரை நாம் எள்ளி நகுதல் ஒன்று. பிறர் நம்மை எள்ளியபோது நாமே நகுதல் மற்றொன்று. மடன் என்பதற்கு, காதிற் பட்டதனை ஆராயாமல் உண்மையென ஏற்றுக்கொள்ளும் இயல்பு எனப் பொருள் கொள்ளலாம். இப்பழைய பாகுபாடு அயல்நாட்டுத் திரைப்படம் ஒன்றன் நகையை விளக்கத் துணைசெய்கின்றது. அப்படமும் புனைவு என்பது பொய்தானா என்னும் வினாவிற்கு விடை கூறுகின்றது. அவ்விடை இலக்கியம் பயிலும் நமக்கும் உரியது என்பதனைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

1999 டிசம்பரில் அமெரிக்காவில் வெளிவந்த ‘கேலக்சி குவெஸ்ட்’ என்பதே நாம் கருதும் படம். இயக்கியவர் டீன் பாரிசோ. அதன் எள்ளலுக்கு இலக்கானது ‘ஸ்டார் டிரெக்’ என்னும் அறிவியற் புனைவுத் தொலைக்காட்சித் தொடர். 1966 முதல் 1969 வரை 79 பகுதிகளாக ஒளிபரப்பான அத்தொடர் நிறுத்தப்படும் என்ற செய்தி பரவியபோது, சுவைஞர்கள் மடல்களைக் குவித்து மூன்றாம் ஆண்டிலும் அது தொடர வழி கண்டனர். தொடர் நின்ற பின்னரும் அவர்கள் கலைந்திலர். 1972இல் நியூயார்க்கு நகரில் கூடி மாநாடு நடத்தினர். கதைமாந்தரைப் போல் உடையணிந்து வருதலும், கப்பலின் பொறிநுட்பம் பற்றி வாதிடுதலும் அம்மாநாடுகளின் இயல்பாயின. இவற்றைக் கண்டு நகுதல் எளிது. பலர் நகுதலும் செய்தனர்.

படமும் அவ்வாறே தொடங்குகின்றது. பல ஆண்டுகட்கு முன் நின்றுபோன தொடர் ஒன்றன் நடிகர்கள், மாநாட்டு மேடையிலும் கடைத்திறப்பு விழாவிலும் பழைய வேடத்தைப் புனைந்து பிழைக்கின்றனர். தலைவனாக நடித்த ஜேசன் (டிம் ஆலன்) புகழ்மயக்கில் உழல்கிறான். வேற்றுலகத்தானாக நடித்த அலெக்சாண்டர் டேன் (2016இல் மறைந்த ஆலன் ரிக்மன்) அவ்வேடத்தை அறவே வெறுக்கிறான். இந்நிலையில் தெர்மியர் என்னும் வேற்றுலகத்தார் வந்து, சாரிஸ் என்னும் கொடியோனிடமிருந்து தம் இனத்தைக் காக்குமாறு ஜேசனை வேண்டுகின்றனர். அவர்கள் தொடரைக் கண்டவர்கள். ஆனால் அதனை நாடகம் என அறியாதவர்கள். அவர்கள் கருத்தில் அது வரலாற்று ஆவணம். அதனைப் பார்த்தே மெய்யான விண்கப்பல் ஒன்றனையும் அமைத்துள்ளனர்.

மடன் என்னும் நிலைக்களனுக்கு இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டுக் காண்டல் அரிது. தொல்காப்பியர் புலனெறி வழக்கத்தை நாடக வழக்கும் உலகியல் வழக்கும் தழுவியது என்பார். தெர்மியரிடத்தில் இவ்விரண்டற்கும் இடையே வேறுபாடே இல்லை. ஆளில்லாத் தீவில் சிக்கியோரைப் பற்றிய ‘கில்லிகன்ஸ் ஐலண்டு’ என்னும் நகைச்சுவைத் தொடரின் பெயரைக் கேட்டதும், அம்மாந்தர்க்காக அவர்கள் உள்ளம் வருந்துகின்றனர். கப்பலின் ஓரிடத்தில் வழிச்செல்வோரை நசுக்கும் பொறிகள் உள்ளன. அவற்றால் பயன் ஏதும் இல்லை. தொடரில் ஒருமுறை காட்டப்பட்டமையால் கப்பலிலும் அமைத்தனர், அவ்வளவே. கப்பலை அழிக்கும் கருவி ஒரு நொடி எஞ்சியிருக்கும்போது நிற்கின்றது. தொடரில் எப்பொழுதும் அவ்வாறே நிற்குமாதலின். கதை புனைவோரின் சோம்பல் ஒருலகத்தின் இயற்கை விதியாகிவிடுகின்றது. நகை இங்குத் தெர்மியரை மட்டுமன்றி, ஆராயாது எழுதிய ஆசிரியரையும் சுடுகின்றது.

படத்தின் உயிர்நிலை எனத்தக்கது நடுப்பகுதியில் வரும் ஒரு காட்சி. தொடரைப் பார்த்து உண்மையை உணர்ந்த சாரிஸ், தெர்மியர் தலைவன் மாதெசாரிடம் அதனை ஜேசனே கூறவேண்டும் என வற்புறுத்துகிறான். தான் தலைவன் அல்லன், நடிகன்; கப்பல் என்பது சிறு பொம்மை என ஜேசன் ஒப்புக்கொள்கிறான். மாதெசார் வினவுவது, ‘ஏன்?’ என்னும் ஒன்றே. நம்பியோனது அவ்வினாவிற்கு ஜேசனால் செம்மையான விடை கூற இயலவில்லை. அதுகாறும் நகைத்த நாம் அங்கு நகைக்க மாட்டோம். மடன் நகைக்குக் களனாயிருந்தது. அம்மடன் உடையும்போது அழுகை பிறக்கின்றது. இரு மெய்ப்பாடுகளும் ஒரே களனில் தோன்றுதலைப் படம் பிழையின்றிக் காட்டுகின்றது.

சாரிஸின் கருத்து, நடிப்பெல்லாம் பொய் என்பது. பொய்யால் தெர்மியரை முன்பே ஏய்த்தவன் அவன். ஆயின் பொய் கேட்போனை ஏமாற்றிக் கெடுப்பது. புனைவோ இது புனைவென அறிந்தார்க்கு உரியது. அறியாதார் கையிற் பட்டபோதும் அது அவர்களைக் கெடுத்திலது. தெர்மியர் அதிலிருந்து துணிவையும் தோழமையையும் கற்றனர். பின்னர்ச் சாரிஸின் கப்பல் அழிந்தபோது, கப்பல் பொம்மை என்று ஜேசன் கூறியதே சூழ்ச்சி எனக் கொண்டு மாதெசார் மகிழ்ந்து நகைக்கிறான். உண்மையைப் பொய்யெனவும் புனைவை உண்மையெனவும் கொண்டான் அவன். அதனால் அவன் இழந்தது ஒன்றும் இல்லை என்பதே படத்தின் நுட்பம்.

இனிச் சுவைஞரைக் காண்போம். பிராண்டன் என்னும் இளைஞன் கப்பலின் அமைப்பைப் பற்றி ஐயம் வினவ வருகிறான். எல்லாம் பொய்யென ஜேசன் அவனைக் கடிந்து விரட்டுகிறான். பின்னர்க் கப்பலில் வழியறியாது தவிக்கும் ஜேசன் அவனையே நாட வேண்டியதாகின்றது. தொடர் வெறும் நாடகமே எனத் தானும் அறிவான் என்கிறான் இளைஞன். அனைத்தும் மெய்யே என ஜேசன் கூறியதும், அதுவே தன் துணிபும் என ஆர்க்கிறான். அவன் தெர்மியன் அல்லன். புனைவைப் புனைவென அறிந்தே அதனை மெய்போல் போற்றுபவன். தொடரில் விளக்கப்படாமல் நின்ற ‘ஒமேகா 13’ என்னும் கருவி அனைத்தையும் அழிப்பது என ஒருசாராரும், காலத்தை 13 நொடி பின்செலுத்துவது என ஒருசாராரும் வழக்கிடுகின்றனர். மூலத்தில் விளங்காத இடத்திற்கு உரையாசிரியர் வேறுவேறு பொருள் காணுதல் நாம் அறிந்ததே. ஒரு சொல்லின் பாடவேறுபாட்டிற்காகப் பல பக்கம் எழுதும் நாம், இவ்விளைஞனை எள்ளுதல் தகுமா? அவன் நூல் சிறிதாகலாம். கற்ற முறை சிறிதன்று. அக்கல்வியே இறுதியில் பல உயிர்களைக் காக்கின்றது.

சொல் ஒன்று பொருள் பெறும் முறைக்கு டேனின் சூளுரை சான்றாகும். தெய்வம் ஒன்றன் சம்மட்டி மீது ஆணையிடும் அத்தொடரைக் கடைத்திறப்பு விழாவில் வெறுப்புடன் கூறுகிறான் அவன். அவனைத் தந்தையெனப் போற்றிய குவெல்லெக் என்னும் தெர்மிய இளைஞன் உயிர்விடும்போதும் அதனையே கூறுகிறான். சொற்கள் அவையே. கேட்பவன் நம்பிக்கை கூறுபவனை அச்சொற்களுக்குத் தகுதியுடையவனாக்குகின்றது. எள்ளலுக்குரிய சொல் பெருமிதத்திற்குரியதாகின்றது.

குறையும் உண்டு. சிகோர்னி வீவர் ஏற்ற வேடம், கணிப்பொறி கூறியதனைத் திரும்பக் கூறுவதே பெண்மாந்தர்க்குரிய பணி என்ற வழக்கத்தை எள்ளுகின்றது. எனினும், அவ்வழக்கத்திற்கு மாறாக அவளுக்குத் தக்க செயல் ஒன்றனைப் படமும் தரவில்லை. பழிக்கப்பட்ட குறை பழித்த படத்திலேயே நின்றுவிட்டது.

முடிவில், நடிகர்களின் கலம் மாநாட்டு அரங்கத்தில் வந்து மோதுகின்றது. உடன்வந்த சாரிஸை ஜேசன் கொல்ல, கூட்டம் அதனை நாடகமெனக் கருதி ஆரவாரிக்கின்றது. நாடகத்தை உலகியலெனக் கொண்டோர் தெர்மியர். உலகியலை நாடகமெனக் கொண்டோர் நம்மவர். மடன் இருபாலும் ஒன்றே. ஆதலின் எள்ளுவோர்க்கும் எள்ளப்படுவோர்க்கும் இடையே உயர்வு தாழ்வு இல்லை என்பது பெறப்படும்.

அறிவியற் புனைவுச் சுவைஞரின் உலக மாநாட்டு உறுப்பினர் வாக்களித்து வழங்கும் ஹ்யூகோ விருது, 2000ஆம் ஆண்டில் நாடகப் படைப்புப் பிரிவில் இப்படத்திற்கே கிடைத்தது. எள்ளப்பட்டவரே நகைத்துப் பரிசளித்தனர். பேராசிரியர் கூறிய இரண்டாம் வகை எள்ளலுக்கு இது தக்க சான்று. பகைகொண்டு எள்ளியோர்க்கு அத்தகைய நகை விடையாக வாராது. ஒரு நூலை எள்ளுவோன் அதனை ஆழ்ந்து கற்றவனாயும் அதன்பால் அன்புடையவனாயும் இருத்தல் வேண்டும் என்பதே இப்படம் நமக்கு உணர்த்தும் திறனாய்வு நெறி.