எழுபது வளைவுகளும் ஒரு புல்முடிச்சும்

கொல்லிமலையைப் பற்றித் தமிழில் வரும் பயணக் கட்டுரைகளின் முதல் பத்தியைப் படிக்காமலேயே சொல்லிவிடலாம். காரவள்ளியிலிருந்து சோளக்காடு வரை எழுபது கொண்டை ஊசி வளைவுகள். அடுத்து வல்வில் ஓரி, ஒரே அம்பில் வீழ்ந்த ஐந்து விலங்குகள். பிறகு சிரித்தே கொல்லும் பாவை, அறப்பளீசுவரர் கோவில், ஆகாய கங்கைக்கு இறங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். முடிவில் சோளக்காட்டுச் சந்தையில் வாங்கிய அன்னாசிப்பழம். தகவல்களில் பெரிய பிழை இருக்காது. ஆனால் இப்படி ஐம்பது கட்டுரைகளைப் படித்து முடித்தவருக்கும் ஒரு சின்ன விஷயம் தெரிந்திருக்காது. சோளக்காட்டிலிருந்து பக்கத்து ஊருக்கு நடந்து போக வழி எது?

சுற்றுலாத் துறையிடம் சொல்லவேண்டிய குறை மாதிரி இது தோன்றலாம். எனக்கு இது இலக்கியக் குறையாகத்தான் படுகிறது. எழுதுபவர் எதில் உட்கார்ந்து ஒரு நிலத்தைப் பார்த்தார் என்பது அவருடைய உரைநடையில் தெரிந்துவிடும். வளைவை எண்ணுவது வண்டியின் பார்வை. வண்டிக்கு மலை என்பது ஏறி முடிக்கவேண்டிய தடை, அதன் பிறகு பார்த்து முடிக்கவேண்டிய ஐந்தாறு இடங்கள். இடத்துக்கும் இடத்துக்கும் நடுவில் இருப்பதெல்லாம் ஜன்னலோரப் பச்சை. அதனால்தான் இந்தக் கட்டுரைகளில் அருவி இருக்கிறது, அருவிக்குத் தண்ணீர் தரும் ஓடை இல்லை. கோவில் இருக்கிறது, கோவிலைச் சுற்றியிருக்கும் ஊர் இல்லை.

சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’ தமிழின் மிகச் சிறந்த பயண நூல்களில் ஒன்று. அதிலும் நடப்பது காவேரிதான், எழுதியவர்கள் பெரும்பாலும் காரில் போனார்கள். அவர்களுக்கு இருந்த காதும் கண்ணும் அந்த இடைவெளியை நிரப்பிவிட்டன. பின்னால் வந்த நமக்குக் கார் மட்டும் வந்து சேர்ந்தது.

இதற்கு நேர் எதிரான உதாரணமாக எப்போதும் சொல்லப்படுவது ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன். 1878 செப்டம்பரில், இருபத்தேழு வயதில், மொடஸ்டீன் என்ற பெண் கழுதையுடன் தெற்கு பிரான்ஸின் செவென் மலைப்பகுதியில் பன்னிரண்டு நாள் நடந்தார். லெ மொனாஸ்தியே என்ற ஊரில் தொடங்கி ஸேன் ழான் து கார் வரை, ஏறத்தாழ 200 கிலோமீட்டர். மறு ஆண்டே புத்தகம் வந்தது. அந்தப் பகுதி அவருக்குச் சும்மா காட்சியாக இருக்கவில்லை. பொன் த மோன்வேர் என்ற சிற்றூரில் 1702இல் ஒரு பாதிரியார் கொல்லப்பட்டதில் தொடங்கிய புராட்டஸ்டன்ட் விவசாயிகளின் கலகத்தை அவர் முன்பே படித்திருந்தார். ஒவ்வொரு பாலத்திலும் ஒவ்வொரு மேட்டிலும் அந்தக் கலகம் அவர் காலில் தட்டுகிறது. பைன் மரங்களுக்கு நடுவே தனியாகப் படுத்திருந்த ஓர் இரவைப் பற்றிய அத்தியாயம் இன்றும் புதிதாக இருக்கிறது.

ஆனால் இந்தப் புத்தகத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடுவதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. இருட்டில் வழி தவறிய ஸ்டீவன்சன் ஒரு குக்கிராமத்தில் கதவைத் தட்டி வழி கேட்கிறார். வீட்டுக்காரர் வாசலைத் தாண்டி வர மறுக்கிறார். காட்சி வேடிக்கையாக எழுதப்பட்டிருக்கிறது, நமக்கும் சிரிப்பு வருகிறது. அந்த மனிதர் எதற்குப் பயந்தார், ராத்திரி நேரத்தில் கழுதையோடு வந்து நிற்கும் அந்நியன் அவருக்கு எப்படித் தெரிந்திருப்பான் என்று புத்தகம் நின்று கேட்பதில்லை. ஊர்க்காரர்கள் அவர் வழியில் வந்துபோகும் பாத்திரங்கள். மொடஸ்டீனும் அப்படித்தான். வழியெல்லாம் அதை அடித்து ஓட்டுகிறார், கடைசியில் விற்றுவிட்டு அதற்காக அழுகிறார். அழுகை உண்மையானதுதான், ஆனால் அதுவும் அவருடைய அழுகை. ‘நான்’ நடந்தேன் என்பதே புத்தகத்தின் எழுவாய்.

அந்த ஒற்றை ‘நான்’ நடந்த தடம் பிறகு எல்லோருக்குமான வழியாக மாறியதுதான் பிரான்ஸின் சாமர்த்தியம். இன்று அது ஜி.ஆர். 70 என்ற எண்ணுள்ள நெடுநடைப் பாதை, லெ புயி நகரத்திலிருந்து அலெஸ் வரை போகிறது. மரத்திலும் பாறையிலும் வெள்ளையும் சிவப்புமாக இரண்டு பட்டைகள் தீட்டியிருக்கும், அதைப் பார்த்து நடக்கலாம். 1947இல் தொடங்கிய இந்த அடையாள முறையில், குறுகிய பாதைகளையும் சேர்த்தால் 1,80,000 கிலோமீட்டருக்கு மேல் வரும். வண்ணம் அடிப்பவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். நடைபாதைகளைப் பட்டியலிட்டுக் காக்க 1983ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று மாவட்டங்களுக்கு வழிசெய்தது. ஒரு விளைநிலத்தின் ஓரம், ஓர் அருவி, நூறு வீடுகள் கொண்ட ஒரு பழைய ஊர், எல்லாம் ஒரே நூலில் கோக்கப்பட்டிருக்கின்றன. கவனிக்கவேண்டியது வரிசை. முதலில் ஒரு புத்தகம், அப்புறம் பெயிண்ட் டப்பா, அப்புறம் சட்டம்.

நமக்கு அந்த முதல் புத்தகம் இல்லையா? இருக்கிறது, அதுவும் ஸ்டீவன்சனுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே. பத்துப்பாட்டின் கடைசிப் பாட்டான மலைபடுகடாம். பெருங்கௌசிகனார் எழுதியது, 583 அடிகள். பரிசு வாங்கித் திரும்பும் கூத்தன் ஒருவன், வழியில் எதிர்ப்படும் இன்னொரு கூத்தர் கூட்டத்துக்கு நன்னனின் ஊருக்குப் போகும் வழியைச் சொல்வதுதான் முழுப் பாட்டும். கல்லூரியில் இதை ‘ஆற்றுப்படை’ என்று ஒரு மதிப்பெண் கேள்வியாக்கி முடித்துவிட்டார்கள். இன்ஜினியரிங் முடித்து வேலைக்கு வந்தபின் உரையோடு மெதுவாகப் படித்தபோதுதான், இது அடி அடியாக நடந்து பார்த்தவன் பேச்சு என்று எனக்கு உறைத்தது.

அவன் சொல்வதைப் பாருங்கள். தினைப்புனத்தின் ஓரம் பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், விடிந்தபின் போங்கள். யானையை விரட்டக் கவண்கல் எறிவார்கள், மரத்தின் பின்னால் ஒதுங்கிப் போங்கள். பாசி வழுக்கும், கொடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்த ஊரில் தங்கினால் இது சாப்பிடக் கிடைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் இடம். வழிகள் பிரியும் காட்டில், போகும் ஊரின் பெயர் தெரியும்படி எழுதிய கல் மராமரத்தடியில் இருக்கும் என்கிறான். அப்படியும் குழப்பம் வரும் கவலைகளில், உங்களுக்குப் பின்னால் வரும் புதியவர்களுக்குத் தெரியும்படி இடத்தைத் துடைத்துவிட்டுப் புல்லை முடிந்து போட்டுப் போங்கள் என்கிறான்.

நான் பிழைப்பது மென்பொருளில். அடுத்து இந்த நிரலைத் திறக்கப்போகிற, முகம் தெரியாத ஒருவருக்காக ஒரு வரி எழுதி வைக்கவேண்டும் என்று எங்களுக்கும் சொல்லித்தருவார்கள். பாதிப் பேர் எழுதுவதில்லை. அதனால் அந்தப் புல்முடிச்சின் அருமை எனக்கு நன்றாகத் தெரியும். ஸ்டீவன்சனின் புத்தகம் நடந்து முடித்தவனின் நினைவு. மலைபடுகடாம் இன்னும் நடக்காதவனுக்கான பேச்சு. வினைகள் எல்லாம் முன்னிலையில் வருகின்றன. வழிகாட்டும் நூல் கவிதையாக இருக்கமுடியுமா என்று யாராவது கேட்டால் அந்தப் பாட்டை எடுத்து நீட்டலாம். அருவியின் ஓசையோடு, புலி கீறிய கணவனின் புண் ஆறுவதற்காகப் பெண்கள் பாடும் பாட்டையும் சேர்த்துக் கேட்கிற காது அதற்கு இருக்கிறது.

அதற்கும் ஒரு எல்லை உண்டு. அந்த வழி முழுக்க ஓர் அரசனை நோக்கிப் போகிறது. நன்னனின் கூத்தர் என்று சொல்லுங்கள், சோறு கிடைக்கும் என்கிறான். சொல்லாவிட்டால்? குறவர்களின் விருந்தோம்பலில் எவ்வளவு அவர்கள் மனசு, எவ்வளவு நன்னனின் செல்வாக்கு என்று பாட்டிலிருந்து பிரித்தெடுக்க முடியாது. ஸ்டீவன்சனிடம் கதவைத் திறக்காதவருக்கு மலைபடுகடாத்தில் இடமே இல்லை.

கொல்லிமலைக்கு வருகிறேன். சங்கப் பாடல்களில் கொல்லி வெறும் பெயர் இல்லை. நற்றிணையில் பரணர் பலாமரத்தையும் வெள்ளருவியையும் சொல்லிவிட்டுத்தான் பாவையைச் சொல்கிறார். காற்று மோதினாலும், இடி விழுந்தாலும், நிலமே அசைந்தாலும் உருக்கெடாத பாவை அது. நம் கட்டுரைகளில் கொலைகாரியாக மட்டும் வருபவள், அங்கே அழியாத அழகாக நிற்கிறாள். இன்று மலைமேல் வாழும் மலையாளி மக்களின் வழக்குக் கதையும் ஒரு நடைக் கதைதான். காஞ்சியிலிருந்து புறப்பட்ட அண்ணன் தம்பி மூவர், சேர்வராயன், பச்சைமலை, கொல்லி என்று ஆளுக்கொரு மலையில் தங்கினார்களாம். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு என்று இந்த மலை தன்னைப் பிரித்துப் பெயரிட்டுக்கொண்டது தார் ரோடு வருவதற்கு முன்னால். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் பெண் எடுத்தார்கள், சாமை கொண்டுபோனார்கள். எல்லாம் கால்தடத்தில்.

ஆகாய கங்கையில் விழும் அய்யாறு கீழே புளியஞ்சோலைக்கு இறங்குகிறது. அந்தப் பக்கம் இறங்கும் பழைய வழிகளைப் பற்றிச் சோளக்காட்டுச் சந்தையில் பலாப்பழம் விற்ற ஒரு பெரியவரிடம் போன வருஷம் கேட்டேன். “எங்கப்பாரு மிளகு மூட்டையத் தூக்கிட்டு அப்படித்தான் எறங்குவாரு. ஊத்து எங்க இருக்கு, கரடி எங்க நிக்கும், எல்லாம் அவருக்குத் தெரியும். எனக்குப் பாதி தெரியும். எம் பையனுக்கு பஸ் டைம் தெரியும்” என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை. பஸ் வந்ததால்தான் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போக முடிகிறது என்பதையும் அவரேதான் சொன்னார்.

அதனால் ரோட்டைத் திட்டி ஒரு ஏக்கக் கட்டுரை எழுதுவதில் எனக்கு விருப்பமில்லை. தடத்தைத் திறந்துவிட்டால் போதும் என்பதும் சரியல்ல. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் நடைபோனவர்கள் இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். மலைபடுகடாத்தின் கூத்தன் பாதிப் பாட்டை எச்சரிக்கைக்கே செலவழித்தது காரணத்தோடுதான். கோடையில் எந்தப் புல்வெளி பற்றிக்கொள்ளும், பற்றிக்கொண்டால் எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்பது பயணக் கட்டுரைக்கு வெளியே உள்ள விஷயமா? அதுதான் உள்ளே இருக்கவேண்டிய விஷயம்.

பிரான்ஸிடமிருந்து பெயிண்ட் டப்பாவை நாளைக்கே வாங்கி வரலாம். பாறையில் பட்டை தீட்ட ஒரு வாரம் போதும். எந்தப் பாறையில் என்று சொல்லத்தான் ஆள் வேண்டும். அந்தப் பாதி தெரிந்தவர்கள் இன்னும் சந்தையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அடுத்த முறை கொல்லிமலைக்குப் போய்விட்டு வந்து எழுதுபவர்களிடம் ஒரு வேண்டுகோள். வளைவுகள் எழுபது என்று எல்லோருக்கும் தெரியும். அவர்களில் ஒருவரோடு ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு நடந்து, ஊற்று எந்தப் பக்கம் என்று ஒரு வரி எழுதுங்கள். படிக்கிறவன் தாகத்தோடு வருவான்.