21 கிராம் கடிகாரம்

கேசியோவின் எஃப்-91டபிள்யூ வாட்ச் 1989-இல் வந்தது. ரியூசுகே மொரியாய் அந்த நிறுவனத்துக்கு வடிவமைத்துக் கொடுத்த முதல் கடிகாரம் அதுதான். வடிவம் ஏறக்குறைய மாறாமல் இன்றும் கடையில் கிடைக்கிறது. நெடுங்காலம் விற்கிறது என்பதாலேயே ஒரு பொருள் நல்லதாகிவிடாது. விலை குறைவு என்பதற்காகவும் விற்கும். இதை விரும்புகிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம் ஒன்று உண்டு: "உடைந்தால் என்ன, இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்." எனக்கு அது ஒப்பவில்லை. ஆயிரம் ரூபாயைத் தாண்டும் பொருள், கூலிக்குப் போகிற பலருக்கு ஒரு நாள் உழைப்பை விழுங்கிவிடும். போனால் போகட்டும் என்று அவர்களால் விட முடியாது. ஆகவே இதை மலிவு என்ற சலுகை கொடுக்காமல் அளக்க வேண்டும். கட்டியவர் கவனிக்காமல் விட்டாலும் அது தன் வேலையைச் செய்கிறதா?

அடி தாங்கும் வாட்ச் என்றாலே ஜி-ஷாக்தான் நினைவுக்கு வரும். தந்தை பரிசளித்த கடிகாரம் விழுந்து உடைந்த வருத்தத்தில் கேசியோ பொறியாளர் கிகுவோ இபே 1981-இல் தொடங்கிய வேலை அது. மாதிரிக்கு மேல் மாதிரியாக, சுமார் 200 மாதிரிகளை மாடிச் சன்னலிலிருந்து போட்டுப் பார்த்தார். பூங்காவில் ஒரு குழந்தை பந்து தட்டி விளையாடியதைக் கண்டபோதுதான், இயங்கும் பகுதியைக் கூட்டுக்குள் மிதப்பதுபோல் நிறுத்திவைக்கும் யோசனை அவருக்கு வந்தது. 1983-இல் முதல் ஜி-ஷாக் விற்பனைக்கு வந்தது. அதன் வழிவந்த டிடபிள்யூ-5600இ-யைத்தான் இங்கே ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்கிறேன். விலை பல மடங்கு.

எஃப்-91டபிள்யூவில் அப்படிப்பட்ட கவசம் எதுவும் கிடையாது. ஆனால் அதன் எடை 21 கிராம்தான். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் தரையில் மோதும் ஆற்றல் 0.2 ஜூல் அளவில் இருக்கும். 50 கிராமைத் தாண்டும் 5600இ அதே உயரத்திலிருந்து விழுந்தால் 0.5 ஜூலுக்குக் குறையாது. கனமான வாட்ச்சுக்குத் தேவைப்படும் அளவுக்கு இதற்குப் பாதுகாப்பு தேவைப்படவில்லை. உள்ளே முள்ளும் இல்லை, பற்சக்கரமும் இல்லை. மேசையிலிருந்து விழுவது, கதவு நிலையில் இடிப்பது, பேருந்துக் கம்பியில் உரசுவது, இதெல்லாம்தான் அன்றாட அடி. அதற்கு இந்த எடைக் குறைவே போதும். மேலே இருப்பது பிளாஸ்டிக் என்பதால் சீக்கிரம் கீறல் விழும். ஆனால் கண்ணாடிபோல் நொறுங்காது.

இதைவிட முக்கியமாக நான் கருதுவது பேட்டரி. இரண்டிலும் சிஆர்2016 செல்தான். 5600இ-க்கு நிறுவனம் சொல்லும் ஆயுள் 2 ஆண்டு, எஃப்-91டபிள்யூவுக்கு 7 ஆண்டு. செல் விலை பெரிய விஷயமில்லை. ஒவ்வொரு முறையும் பின்மூடியைத் திறக்க வேண்டியிருக்கிறதே, அதுதான் விஷயம். மூடியின் ஓரத்தில் இருக்கும் ரப்பர் வளையம் ஒரு மயிரிழை பிசகி உட்கார்ந்தாலும் தண்ணீர் உள்ளே போக வழி திறந்துவிடும். 14 ஆண்டில் ஆறேழு முறை திறக்கப்படும் வாட்ச்சோடு ஒன்றிரண்டு முறை மட்டும் திறக்கப்படும் வாட்ச்சை வைத்துப் பார்த்தால், உறுதி என்ற சொல்லுக்கே வேறு பொருள் கிடைக்கிறது. 5600இ-யின் விளம்பரம் பேசும் உறுதி அடி விழும் அந்த நொடிக்கானது. வீட்டில் பயன்படுத்துகிறவருக்கு வேண்டியது ஆண்டுகளுக்கான உறுதி.

எஃப்-91டபிள்யூவின் நேரத் துல்லியம் மாதத்துக்குக் கூடக் குறைய 30 நொடி. 5600இ-யில் அது 15. நொடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகம் 25 டிகிரி வாக்கில்தான் சரியாக ஓடும். சூடு ஏறினாலும் இறங்கினாலும் மெல்லப் பின்தங்கும். மோசமான நிலையில் ஆண்டுக்கு ஆறு நிமிடம் தவறும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திருத்தினால் ரயிலைத் தவறவிட மாட்டீர்கள். வாட்ச்சுக்கு ஆண்டு தெரியாது என்பதால், லீப் ஆண்டு பிப்ரவரி 29-ஐ நாமே வைத்துக்கொள்ள வேண்டும். இவையெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடிய குறைகள்.

பொறுக்க முடியாதது விளக்கு. முகத்தின் இடது ஓரத்தில் ஒரு சிறு பச்சை எல்இடி. அழுத்திப் பிடித்திருக்கும் வரை இடது பக்கம் மட்டும் வெளிச்சம் படும்; வலப்பக்கம் போகப்போக எண்கள் மங்கும். மின்சாரம் போன அறையில், நள்ளிரவுப் பேருந்தில், குழந்தைக்கு மருந்து கொடுக்க எழுந்த நேரத்தில் மணி பார்க்க வேண்டியவருக்கு இது போதாது. வெயிலில் செல்பேசித் திரையைவிட நன்றாகத் தெரியும் எண்கள் இருட்டில் இப்படிக் கைவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. எல்லாவற்றையும் அளந்து செய்தவர்கள் இங்கே மட்டும் அளவைத் தவறவிட்டிருக்கிறார்கள்.

சமையலறையிலும் ஒரு குறை உண்டு. ஸ்டாப்வாட்ச் ஒரு மணி நேரம் வரை ஓடும், ஆனால் பின்னோக்கி எண்ணும் டைமர் கிடையாது. இட்லி ஏற்றிவிட்டுப் பத்து நிமிடத்தில் கூப்பிடு என்று இதனிடம் சொல்ல முடியாது. இருக்கிற ஒரே அலாரமும் 20 நொடி கூவிவிட்டு நின்றுவிடும். ஆழ்ந்து தூங்குகிறவர் அதை நம்பக் கூடாது.

தண்ணீரைப் பொறுத்தவரை, முகத்தில் 'வாட்டர் ரெசிஸ்ட்' என்று இருக்கிறதே தவிர ஆழத்தைக் குறிக்கும் எண் இல்லை. மழையும் கை கழுவுதலும் பரவாயில்லை. நீச்சலும், நாள் முழுதும் தண்ணீரில் நிற்கும் வேலையும் கூடாது. 200 மீட்டர் தாங்கும் 5600இ-க்கு அதிகம் கொடுப்பது இங்கேதான் நியாயமாகிறது. மீன்பிடிப்பவருக்கும் நீந்துகிறவருக்கும் தயங்காமல் அதையே சொல்வேன்.

மற்றபடி பள்ளிப் பிள்ளை, தையல்காரர், தொழிற்சாலைப் பணியாளர், என்னைப் போல எழுதிப் பிழைப்பவர் எல்லோருக்கும் எஃப்-91டபிள்யூவின் பக்கமே என் தீர்ப்பு. ஆனால் விளக்கு கெடுக்கிறது. அந்தக் குறை தீர்க்க முடியாததும் அல்ல. அதே கேசியோ செய்யும் எஃப்-105டபிள்யூவில் முகம் முழுதும் ஒளிர்கிறது, பேட்டரியும் 7 ஆண்டு வருகிறது. இரண்டும் ஒரே கடையில் இருந்தால், புகழ்பெற்றதை விட்டுவிட்டு அதைக் கையில் கட்டிக்கொண்டு வாருங்கள்.