எளிய நூலும் வறிய நூலும்

சிறுவர்க்கு அறிவு நூல் எழுதுதல் எளிதென்பது பலர் கொள்கை. சொற்களைக் குறைத்து, வாக்கியங்களைத் துணித்து, படங்களைப் பெருக்கினால் நூல் அமைந்துவிடும் என்பர். வாசிப்பில் இடர்ப்படும் மாணாக்கர்க்கென எழுதப்படும் நூல்களில் இக்கொள்கை மேலும் வலுப்பெறுகின்றது. இது பொருந்துமா என்பதை மூன்று நூல்களைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

கல்வியறிஞர் கொமேனியசு 1658ஆம் ஆண்டில் நூரம்பேர்க் நகரில் வெளியிட்ட 'படங்களில் உலகு' என்னும் பொருளுடைய நூல் முதலாவது. படத்திலுள்ள பொருள்களுக்கு எண்ணிட்டு, அவ்வெண்களையே இலத்தீன், செருமன் ஆகிய இருமொழி வாக்கியங்களிலும் அவர் அமைத்தார். எழுத்திலே தடுமாறும் கண் படத்திற் சென்று தெளிந்து மீளும். அங்கே படம் வெறும் அணியன்று, வாசிப்புக்கு ஊன்றுகோல். எனினும், அந்நூல் பெரும்பாலும் 'இது யாது?' என்பதற்கே விடை பகரும், 'ஏன்?' என்பதற்கு அன்று.

அவ்வினாவுக்கு விடை காண்பது மைக்கல் பரடேயின் 'மெழுகுதிரியின் இரசாயன வரலாறு'. 1860-61ஆம் ஆண்டு நத்தார் விடுமுறையில் இலண்டனிலே இளையோர்க்கு அவர் நிகழ்த்திய ஆறு விரிவுரைகளின் தொகுப்பு அது. எரியும் திரியின் உச்சியில் ஒரு சிறு கிண்ணம் அமைவதேன் என அவர் விளக்குகின்றார். இக்கால எளிமையாக்கத்தார் அவ்விளக்கத்தை எவ்வாறு துணிப்பர்? "சுடர் எரிகிறது. காற்று மேலெழுகிறது. விளிம்பு குளிர்கிறது. மெழுகு உருகுகிறது." நான்கும் எளிய வாக்கியங்களே, ஆயினும் கிண்ணம் அமைந்ததா? இல்லை. சுடரின் வெப்பத்தால் காற்று மேலெழுகிறது. அவ்வாறு எழும் காற்று வெளிவிளிம்பைக் குளிர்விக்கிறது. ஆதலால் நடுவிலுள்ள மெழுகு உருகவும் விளிம்பு உருகாது நிற்கிறது. 'ஆதலால்' என்னும் அவ்வொரு சொல்லை நீக்கியவர் சுமையைக் குறைத்தாரல்லர், பாலத்தை உடைத்தார். அப்பாலத்தைத் தானே கட்டவேண்டிய பெருஞ்சுமை, வாசிக்கத் தடுமாறும் பிள்ளையின் தலைமேல் விழுகின்றது.

மூன்றாவது, நம் நாட்டு ஆறுமுக நாவலர் (1822-1879) இயற்றிய பாலபாடங்கள். நாவலர் சிறு வாக்கியங்களில் தொடங்கி, நான்காம் புத்தகத்திலே தொடர்ந்த கட்டுரைகளுக்கு மாணாக்கரை ஏற்றிச் செல்கின்றார். அவற்றின் பொருள் பெரும்பாலும் சமயமும் ஒழுக்கமுமே. இயற்கைப் பொருள்களின் காரணங்களை ஆராய்தல் அவற்றின் நோக்கமன்று. ஆயினும், அவர் அமைத்த ஏணி எவ்வறிவுக்கும் ஏற்றது. சிறு வாக்கியம் அவருக்கு முதற்படியே. மாணாக்கரை நிறுத்தி வைக்கும் இடமன்று.

பதின்மூன்று வயதில் எழுத்துக்கூட்டி வாசிக்கும் மாணவனை நினைத்துப் பார்ப்போம். அவன் நா தடுமாறுகின்றது, அறிவு தடுமாறவில்லை. மழை ஏன் பெய்கிறது, இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது என வினவும் அவன் கையில் ஐந்து வயதினர்க்குரிய நூலைக் கொடுத்தால் நாணுவான். காரணங்களைக் களைந்த நூலைக் கொடுத்தால் விளங்காது மயங்குவான். ஈற்றில், குறை நூலினது என்றறியாது தன்னையே அறிவிலி எனத் துணிவான். இதனினும் பெருங்கேடு கல்விக்கு வேறுண்டோ?

எனவே, நூல் தெரியும் ஆசிரியர்கள் சொற்களை எண்ணுவதோடு அமையற்க. ஒரு பக்கத்தை வாசிப்பித்தபின் நூலை மூடி, 'ஏன்?' என மாணவனை வினவுக. அவன் தன் சொல்லில் விடை கூறுவானாயின் அது எளிய நூல். கூறவியலாதாயின், அவனைக் கடியுமுன் அப்பக்கத்தை மீண்டும் நோக்குக. அதில் விடை உளதா என்று.