உடனிகழ்தல் என்னுஞ் சொல்

உடனிகழ்தலாவது இரண்டு நிகழ்ச்சி ஒரு காலத்தே ஒருங்கு நிகழ்தல். நன்னூலார் மூன்றாம் வேற்றுமைக்குக் கருவி, கருத்தா என்பவற்றோடு உடனிகழ்வினையும் பொருளாக வைத்தார். 'குருவொடு மாணாக்கன் கோயில் புக்கான்' என்புழி, இருவர் புகுதலும் ஒரு காலத்தனவே. குரு புக்கபின் மாணாக்கன் புக்கான் என்பது அதன் பொருளன்று.

இனி, 'உடனே' என்பது வழக்கின்கண் 'தாழாது' எனப் பொருள்படுதலின், உடனிகழ்தலையும் ஒன்றன்பின் ஒன்று விரைந்து நிகழ்தல் எனக் கொள்வாரும் உளர். அது பொருந்தாது. எத்துணை விரைவாயினும் பின் நிகழ்வது பின் நிகழ்வதேயாம்.

இவ்வேறுபாடு சொல்லளவில் அமைவதன்று. சிவஞானபோதம் பாசநீக்கத்தை 10-ஆம் சூத்திரத்தும், சிவப்பேற்றை 11-ஆம் சூத்திரத்தும் உணர்த்திற்று. இவ்விரண்டும் உடனிகழ்வன என்புழி மேற்காட்டிய பிழைப்பொருள் கொள்ளின், பாசம் நீங்கியபின் சிவத்தைச் சாருங்காறும் உயிர் பற்றுக்கோடின்றித் தனித்து நிற்பதோர் இடைநிலை உண்டெனப்படும். சார்ந்ததன் வண்ணமாகும் உயிர்க்கு அந்நிலை கூடாது. விளக்கின் ஒளி பரவுதற்கும் இருள் நீங்குதற்கும் இடையே காலமின்மை கண்கூடு. ஆகலின், ஈண்டுச் சூத்திர வைப்பு உணர்த்தும் முறையேயன்றி நிகழும் முறையன்றென்று தெளிக.