கத்தரி படாத சட்டை

பர்மாவின் கரேன் மக்களின் சட்டையில் கத்தரி படுவதில்லை. நெய்தெடுத்த நீளத் துண்டுகள் இரண்டு. ஒவ்வொன்றையும் தோள்மேல் மடித்துப் போட்டால் பாதி முன்னே தொங்கும், பாதி பின்னே தொங்கும். நடுவில் இரண்டையும் சேர்த்துத் தைத்துக்கொண்டே வந்து, தலை நுழையும் அளவுக்கு மட்டும் தைக்காமல் விட்டுவிடுகிறார்கள். அணிந்ததும் அந்தத் திறப்பு விரிந்து கூர்க்கழுத்தாகிறது. பக்கவாட்டிலும் அப்படியே, கை வெளிவர இடம் விட்டு மீதியைத் தைத்தால் சட்டை தயார். கழுத்துக்காக வளைத்து வெட்டவில்லை, கைக்காகக் குடைந்தெடுக்கவில்லை. நெய்தவளின் உழைப்பில் ஒரு விரற்கடைகூடத் தரையில் விழவில்லை.

துண்டு ஏன் அவ்வளவு அகலக் குறைவு என்று கேட்டால் தறியைப் பார்க்க வேண்டும். அதற்குச் சட்டகம் கிடையாது. நீளவாக்கு நூல்களான பாவின் ஒரு முனை கம்பத்திலோ மரத்திலோ கட்டியிருக்கும். மறுமுனை நெய்பவளின் இடுப்பைச் சுற்றிய வாரில் முடியும். அவள் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து பின்னால் சாய்ந்தால் பாவு விறைக்கும். முன்னால் குனிந்தால் தளரும். பாவு நூல்களை உயர்த்தும் விழுது கட்டிய கோலைத் தூக்கும்போது ஒரு தளர்வு, குறுக்கு நூலான ஊடை போன பிறகு மரவாளால் அடிக்கும்போது ஒரு விறைப்பு. இவ்வளவையும் செய்வது அவள் முதுகுதான். இரு கையும் எட்டுகிற தூரமே துணியின் அகலம். அவளைத் தறியிலிருந்து எடுத்துவிட்டால் எஞ்சுவது சில மூங்கில் கோல்களும் ஒரு நூல்கட்டும் மட்டுமே.

அவற்றைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓடலாம். ஓட வேண்டியும் வந்தது. பர்மாவில் கரேன் போராளிகளுக்கும் அரசுக்கும் இடையே 1949 ஜனவரியில் தொடங்கிய போர் தலைமுறைகளைத் தாண்டி நீண்டது. 1984 முதல் ஆயிரக்கணக்கானவர்கள் தாய்லாந்து எல்லைக்குள் வந்து முகாம்களில் தங்கினார்கள். அவற்றில் மிகப் பெரியது மே லா. மூங்கிலும் இலைக்கூரையுமாக அங்கே எழுந்த வீடுகளில் தறி கட்டத் தனி இடம் தேட வேண்டியிருக்கவில்லை. வீட்டுத் தூண் ஒன்றும் உட்காரத் தரையும் போதும்.

துணியை நெருங்கிப் பார்த்தால் பாவு நூல்தான் கண்ணுக்குத் தெரியும். ஊடை உள்ளே ஒளிந்து நிற்கும். ஆகவே வண்ணக் கோடுகள் துணியின் நீளத்தில் ஓடுகின்றன. உடுத்தியவர் உயரமாகத் தெரிகிறார். கரேன்களில் ஒரு பிரிவான ஸ்கா கரேன் மரபில் மணமாகாத பெண்ணுக்கு வெள்ளை நீள அங்கி. மணமானதும் அது மேல்சட்டை, சிவந்த கீழாடை என இரண்டாகும். எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் அந்த மேல்சட்டையில் இருக்கிறது. ஒருவகைப் புல்லின் வெண்மையான கெட்டி விதைகளைக் கோத்து, கருந்துணியில் பூவாகவும் நட்சத்திரமாகவும் கோடாகவும் தைக்கிறார்கள். அந்த விதைக்கு ஊசி நுழையும் துளை இயற்கையிலேயே இருக்கிறது. துளையிடும் வேலையைப் புல் செய்து முடித்துவிட, வரிசைப்படுத்துகிற வேலையைப் பெண் எடுத்துக்கொள்கிறாள். இளம்பெண்ணுக்கு எளிய வெள்ளை, குடும்பப் பாரம் ஏற்றவளுக்கு மணிவேலை: அலங்காரம் வயதோடு கூடுகிறது. முதிர்ச்சிக்குத் தரும் மரியாதையை இத்தனை கண்ணியமாகச் சொல்லும் உடைகள் குறைவு.

கீழாடையின் கோலங்களுக்கு ஒரு பழங்கதை உண்டு. வெள்ளை மலைப்பாம்பு ஒன்று ஒரு பெண்ணைத் தன் குகைக்குக் கவர்ந்து செல்கிறது. அதன் தோலில் கண்ட வடிவங்களை அவள் தறியில் நெய்கிறாள். சிறைப்பட்ட இடத்தில் கண்ணில் பட்டதையே கலையாக்கியவளைத் தங்கள் நெசவின் தொடக்கத்தில் நிறுத்தியிருக்கிறார்கள் இந்த மக்கள்.

2005 முதல் இவர்களைக் கூட்டமாக அமெரிக்காவில் குடியமர்த்தத் தொடங்கினார்கள். மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரம் அங்குள்ள கரேன் மக்களின் தலைநகர்போல ஆயிற்று. அந்நகரின் ஈஸ்ட் சைட் ஃபிரீடம் லைப்ரரி, தொழிலதிபர் கார்னகியின் கொடையில் எழுந்த பழைய நூலகக் கட்டடத்தில் இயங்குகிறது. கரேன் நெசவு வட்டம் கூடுவது அங்கேதான். அதே நகரில் அர்பன் வில்லேஜ் என்ற அறநிறுவனம் கரேன் இளையோருக்காகவும் அவர்களின் உறவினமான கரென்னி இளையோருக்காகவுமே நடக்கிறது.

புதிய நாட்டில் மொழி முதலில் பிள்ளைகளுக்கு வசப்படுகிறது. மருத்துவரிடம் தாய்க்காகப் பேசுபவள் மகள். அரசாங்கக் கடிதத்தைப் படித்துப் பொருள் சொல்பவன் மகன். பெற்றவர்கள் கேட்டுத் தலையசைக்கிற இடத்துக்கு வந்துவிடுகிறார்கள்; பிள்ளைகளோ வயதுக்கு மீறிய சுமையைத் தூக்குகிறார்கள். இரு தரப்புக்கும் இது வலி. தறியின் முன் உட்கார்ந்ததும் தலைகீழான அந்த வரிசை நேராகிறது. விறைப்பு எவ்வளவு வேண்டும் என்பதை வாயால் சொல்ல முடியாது. பாட்டி பேத்தியின் முதுகில் கை வைத்து, "இன்னும் கொஞ்சம் சாய்ந்துகொள்" என்று உணர்த்த வேண்டும். தறி இருக்கும் அறையில் ஆங்கிலம் தெரியாதது குறையாக நிற்பதில்லை. தெரிந்தவர் பாட்டி, கற்பவள் பேத்தி.

கரேன், கரென்னி என்று சேர்த்தே சொல்வதால் இருவரையும் ஒன்றாகக் கலந்துவிடக் கூடாது. கரென்னிகளின் மலைநாடு பர்மாவின் இன்றைய காயா மாநிலம். அவர்களின் முகாம்கள் தாய்லாந்தின் மே ஹாங் சோன் பகுதியில் உள்ளன. காயாப் பெண்களின் பழைய உடையில் சிவந்த துணி ஒரு தோளில் முடிந்து நிற்கும். முழங்காலைச் சுற்றிக் கருமெருகு பூசிய நூல்வளையங்கள் அடுக்கடுக்காக இருக்கும். விளிம்பில் தவளை உருவங்கள் அமர்ந்திருக்கும் வெண்கல முரசு இருவர் மரபிலும் உண்டு. இந்த ஒற்றுமையையும் வேற்றுமையையும் ஒருசேர அறிந்து வளரும் பிள்ளை, பள்ளியில் "நீ எந்த ஊர்?" என்ற கேள்விக்குத் தடுமாற மாட்டான்.

ஏதிலி இளையோருக்கு உதவி என்றால் பாடம், கல்லூரி விண்ணப்பம், வேலை என்றுதான் நாம் எண்ணுகிறோம். அவை கட்டாயம் வேண்டும். ஆனால் அவற்றையெல்லாம் தருபவர் வெளியாராகவே இருந்தால், தன் வீட்டில் கற்க ஒன்றுமில்லை என்று பிள்ளை முடிவுகட்டிவிடும். எனவே இவர்களுக்காக இயங்கும் எந்த அமைப்பைப் பற்றிக் கேள்விப்பட்டாலும், "அங்கே பாட்டிக்கு என்ன வேலை?" என்று நான் கேட்கிறேன். ஆசிரியை வேலை என்று பதில் வருகிற இடத்துக்கு நம் பணத்தையும் நேரத்தையும் தயங்காமல் கொடுக்கலாம்.